சுரபுன்னை அடியில் ஓர் ஆள்

நான் மரம் மட்டும்தான் வரைவேன். மனிதர், மாடு, கோழி, கொக்கு எதுவும் கிடையாது. உயிருள்ளதை உருவமாக வரையக் கூடாது, செடி கொடி மரம் என்றால் தாராளமாக வரை என்று எங்கள் உம்மா சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். மரத்துக்கு உயிர் இல்லையா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு வரை என்றார்கள். சரி என்று அதிலிருந்து மரமாகவே வரைந்துகொண்டிருக்கிறேன்.

ஆயில் பெயின்ட் என் கைக்கு வந்தது மகள் ஃபஹீமாவைக் கட்டிக்கொடுத்த பிறகுதான். அவள் மாப்பிள்ளையோடு பெங்களூர் போனாள். பரங்கிப்பேட்டை வீட்டில் நானும் ஃபிரிட்ஜும் மிச்சம். அந்த ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உறுமும். நானும் "என்னா" என்று கேட்பேன். சிரிக்காதீர்கள், ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள், நீங்களும் கேட்பீர்கள்.

என் வீட்டுக்காரர் முஹம்மது இஸ்மாயில் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமாகி மூன்றாம் மாதம் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், சூட்கேஸை முழுசாகப் பிரிப்பதற்குள் திரும்பக் கட்டுவார். வந்துவிடுங்கள் மச்சான் என்று நான் கேட்காத வருஷம் இல்லை. முதலில் வீட்டு மாடி எழும்பட்டும் என்றார். மாடி எழும்பியது. ஃபஹீமா கல்யாணம் முடியட்டும் என்றார். முடிந்தது. இப்போது என்ன என்று கேட்டால், இன்னும் ஒரு வருஷம், இன்ஷா அல்லாஹ் என்கிறார். இந்த மனுஷனுடைய ஒரு வருஷத்துக்கு மட்டும் முடிவே கிடையாது. எனக்கு நகை வேண்டாம், டைகர் பாம் வேண்டாம், அந்தப் பேரீச்சம்பழ டப்பாவும் வேண்டாம். அவர் வந்து இந்தக் கூடத்தில் உட்கார்ந்து சும்மா செய்தித்தாள் படித்தால் போதும். அது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் கேட்டது.

வரையக் கற்றுக்கொண்டது செல்போனில். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வீடியோவில் மரம் வரைவாள். அவள் இங்கிலீஷில் பாதிதான் புரியும், கை பேசுவது முழுசும் புரியும். இலையை வரையாதே, இலைமேல் விழுகிற வெளிச்சத்தை வை என்பாள். நிழலுக்குக் கறுப்பைத் தொடாதே, நீலத்தில் கொஞ்சம் ஊதாவைக் கல என்பாள். ஒரு தீற்றல் வைத்தால் வைத்ததுதான், தேய்த்துக் குழப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி எழுந்து பத்தடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்தில் பார்த்தால் அவள் படம் கொட்டிவிட்ட குருமா மாதிரி இருக்கும். பத்தடி தள்ளிப் போனால் மரம் நிற்கும், காற்றுகூட வீசும். என் வீட்டில் கூடத்துச் சுவரிலிருந்து அடுப்படி வாசல் வரைக்கும் பின்னாலேயே நடந்து போய்ப் பார்ப்பேன். ஆரம்பத்தில் இரண்டு தடவை அம்மியில் இடித்துக்கொண்டேன்.

வரைந்ததை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவேன். "நல்லாருக்கு" என்று வரும். படத்தைத் திறந்து பார்த்துத்தான் சொல்கிறாரா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். ஒருமுறை வேண்டுமென்றே கேஸ் சிலிண்டரைப் படம் பிடித்து அனுப்பினேன். "நல்லாருக்கு, மரம் நல்லா வந்துருக்கு" என்று பதில் வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கோபம் கொஞ்சம், அழுகை ஜாஸ்தி.

வீட்டு வேம்பு, முருங்கை, பக்கத்துத் தோட்டத்துத் தென்னை எல்லாம் வரைந்து அலுத்துப்போய், போன தை மாதம் பிச்சாவரம் போகலாம் என்று தோன்றியது. இத்தனை பக்கத்தில் இருந்தும் ஒருமுறைதான் போயிருந்தேன், அதுவும் ஃபஹீமா பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குத் துணையாக. சிதம்பரம் மேல வீதியில் வெள்ளை டியூப் ஒன்று வாங்கிக்கொண்டு, கிள்ளை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் என் பெயின்ட் பையின் டர்பன்டைன் வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானும் அவளுடைய கருவாட்டுக் கூடைக்குப் பொத்திக்கொண்டேன், கணக்கு நேர்.

துடுப்புப் போட்டுக்காரர் அய்யனார் என்று ஒரு பெரியவர். என் வாப்பா உயிரோடு இருந்தால் அவர் வயதுதான் இருக்கும். வாயில் பல் நாலைந்து பாக்கி. உள் ஓடைக்குள் கொண்டுபோய் ஒரு சுரபுன்னை வேரில் கயிற்றைக் கட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

சுரபுன்னை தண்ணீருக்குள் வேர் வேராகக் கால் ஊன்றி நின்றது. அதற்குப் பின்னால் தில்லை மரங்கள். தில்லை இலை பழுத்து உதிரும் முன் சிவந்துபோகும், அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. பச்சையில் மஞ்சளைக் கலந்து வைத்தேன், நடுநடுவே செங்காவியைக் குத்தினேன். வேருக்கடியில் நீலமும் ஊதாவும். மடியில் பலகை, பலகையில் கேன்வாஸ், கை நீட்டினால் எட்டும் தூரம். எழுந்து பின்னால் போய்ப் பார்ப்பது போட்டில் நடக்கிற காரியமா? பின்னால் போனால் தண்ணீர்தான். அதனால் முழுப் படத்தையும் மூக்குக்கு நேரே வைத்தே முடித்தேன்.

முடிக்கிற நேரத்தில் நீர் வடிய ஆரம்பித்தது. இரண்டு வேர்களுக்கு நடுவே, ஒரு சந்து வழியாக, வெளிச்சம் பளீரென்று விழுந்தது. அது போவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று வெள்ளையைப் பெயின்ட் கத்தியால் வழித்து அப்படியே கனமாக வைத்தேன், பக்கத்தில் சாய்வாக இன்னொன்று. மேலே சந்தின் இருட்டுக்கு ஒரு பொட்டு. கீழே தண்ணீரில் விழுந்த நிழலுக்கு நீலத்தில் இரண்டு இழுப்பு. அவ்வளவுதான் செய்தேன். அல்லாஹ் சாட்சி, வெளிச்சத்தைத்தான் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஈரப் படத்தில் தூசி ஒட்டிவிடும் என்பதால் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்துவிட்டு அஸர் தொழப் போய்விட்டேன்.

தொழுது முடித்து சலாம் கொடுக்கிறேன், போன் அலறுகிறது. டூட்டி நேரத்தில் இவர் போன் பண்ணவே மாட்டார். யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடினேன்.

"யாரு அது?" என்றார்.

"எது?"

"படத்துல. மரத்தடியில நிக்கிறான் பாரு, வெள்ள சட்ட போட்டுக்கிட்டு. யாரு அது?"

அப்படி யாரும் இல்லை, அது வெளிச்சம் என்றேன். நீதான் ஆளே வரைய மாட்டியே, இப்ப மட்டும் எப்படி வந்தான் என்றார். கண் டாக்டரைப் பாருங்கள் என்றேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், போட்டுக்காரனா என்று. எனக்கு வந்ததே ஒரு கோபம். அந்தத் தாத்தாவுக்கு மிச்சமிருக்கிற பல்லை எண்ணிச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

படத்தைத் திருப்பி மூக்கை வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கட்டி, நீலக் கோடு, பொட்டு. ஆளாவது, மண்ணாவது. அதைக் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. பக்கத்தில் வைத்துக் காட்டாதே, தூரத்தில் வைத்துக் காட்டு என்று.

படத்தை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படி வாசலுக்கு நடந்தேன். திரும்பினேன்.

ஆள் நின்றிருந்தார்.

வெள்ளைச் சட்டை, நீல பேன்ட், ஒரு கை மரத்தில் ஊன்றியிருந்தது, இடது தோள் இறங்கியிருந்தது. கண் மூக்கு இல்லை, ஆனால் இன்னார் என்று தெரிந்தது. சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனில், பிளாட்பாரக் கடைசியில் இருந்த மரத்தடியில், முதல்முதலாக வெளிநாடு புறப்பட்ட அன்றைக்கு அவர் அப்படித்தான் நின்றார். என் வாப்பாவிடம் பேசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஏனென்றால் பார்த்தால் அழுதுவிடுவார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரயில் கிளம்பும் வரைக்கும் நான் அந்த இறங்கிய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கத்தியைக் கையில் எடுத்தேன். ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட்டால் தடம் தெரியாமல் போய்விடும். கிட்டே போனால் ஆள் இல்லை, வெள்ளைக் கட்டிதான். இல்லாத ஆளை எப்படி வழிப்பது? திரும்ப அடுப்படிக்குப் போனால் நிற்கிறார். இரண்டு மூன்று தடவை நடந்தேன். கடைசியில் கத்தியைக் கழுவி வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யாததற்கு ரப்பான அல்லாஹ் குற்றம் பிடிக்க மாட்டான் என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன்.

சட்டென்று போனை எடுத்து, அது நீங்கதான் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எண்ணை அழுத்தக்கூடச் செய்தேன். அவர் எடுத்ததும், "இன்னிக்கு என்னா சாப்ட்ட?" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி அது. சோறு, கத்திரிக்காய், நெத்திலி என்றேன். யாரெல்லாம் வந்தார்கள் என்றார். யாரும் வரவில்லை என்றேன். பிச்சாவரத்துக்கு எந்த பஸ்ஸில் போனாய், எத்தனை மணிக்குத் திரும்பினாய், அடுத்து எப்போது போவாய்? ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சந்தேகத்தில்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒரு மனுஷர் என் ஒரு நாளை முழுசாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது இனித்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

அதற்கப்புறம் காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன், மஃரிபுக்குப் பின் வீடியோவில் ஒன்று. வீடியோவில் என் முகத்தைப் பார்க்க மாட்டார், எனக்குப் பின்னால் கூடத்தைப் பார்ப்பார். அந்த ஆளை அழித்துவிட்டாயா என்பார். காய்ந்ததும் அழிக்கிறேன் என்பேன். காய்ந்தால் அழிக்க முடியாது என்று அவருக்கு எங்கே தெரியும்.

ஃபஹீமா கூப்பிட்டாள். வாப்பா அவளுக்குப் போன் செய்து சுற்றி வளைத்து என்னென்னவோ கேட்கிறாராம், உம்மா சந்தோஷமாக இருக்கிறாளா, யாரோடாவது பேசுகிறாளா என்று. நான் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அது நீங்கதான்னு சொல்லிட வேண்டியதுதானே உம்மா? பாவம், அங்க அவுங்க தூங்காம கெடக்குறாங்க" என்றாள்.

"சொல்லிட்டா நிம்மதியா தூங்கிடுவாங்க" என்றேன். "அப்பறம் போனும் வராது."

அவள் தானும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று மட்டும் சொன்னாள். என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா.

பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். முதுகு வலி தாங்கவில்லையாம், எமர்ஜென்சி லீவு கேட்டாராம், அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாராம். என் தாய்மாமன் மவுத்தானபோது அடக்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. ஃபஹீமாவுக்குப் பிள்ளை பிறந்தபோது லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, ஸ்டாக் எடுக்கிற மாசம், இப்ப விட மாட்டாங்க என்றார். இப்போது ஒரு வெள்ளைக் கட்டிக்கு லீவு கிடைத்துவிட்டது. போனை வைத்துவிட்டு நான் கூடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். அப்புறம் எழுந்து மெத்தையை வெயிலில் போட்டேன். சிதம்பரம் போய் ஒரு புதுப் போர்வை, அவருக்கு ஒரு நல்ல கைலி. தலைக்கு மருதாணியும் வைத்துக்கொண்டேன், இந்த வயதில். வராமல் வருகிறார், எதற்கு வந்தால் என்ன, வந்தால் சரி, வந்த பிறகு பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து கார் பிடித்து ஜும்ஆவுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மெலிந்திருந்தார். சலாம் சொன்னார், குளித்தார், பள்ளிக்குப் போய் வந்தார், சாப்பிட்டார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். மாடிக்கு ஒரு நடை போய் வந்தார். முதுகு வலிக்காரர் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினார்.

சாயந்திரம் படத்துக்கு எதிரே போய் நின்றார். எல்லாரையும் போல மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போனார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். வெள்ளைக் கட்டியை விரலால் தொட்டார். மேல்பக்கம் பாலாடை போலக் காய்ந்திருந்ததால் விரலில் ஒட்டவில்லை.

"எங்க காணும்?" என்றார்.

நான் அடுப்படி வாசலைப் பார்த்தேன்.

"வெறும் பெயின்ட்டு" என்றார். முகம் அப்படியே இளகிப்போனது. சிரித்தார், வாய்விட்டுச் சிரித்தார். "சின்ன ஸ்கிரீன்ல பாத்தா ஆளாட்டம் தெரியுது. நானும் ஒரு கிறுக்கன், இதப் போயி..." என்று தலையில் தட்டிக்கொண்டார். அப்புறம் வெகு இயல்பாக, கடையில் ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்தால் லீவு மிச்சமாகும் என்றார். பிரிக்காத சூட்கேஸ் கூடத்தில்தான் இருந்தது.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படி இழுத்ததில்லை. தரதரவென்று அடுப்படி வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன்.

"இப்ப பாருங்க."

பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

"ஆமா, நிக்கிறான்" என்றார் மெதுவாக. என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். "யாரு சர்பு?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார்.

"தெரியலையா?"

"தெரியல."

இத்தனை நாள் கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே நேரமில்லாமல் போயிற்றோ என்னவோ. தெரியவில்லை என்று அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீங்கதான் மச்சான்" என்றேன். "நான் நெனச்சு வரையல. அதுவா வந்துடுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, புதுக் கைலியின் முனையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார். அவர் இடது தோள் என் கைக்குப் பக்கத்தில் இறங்கியே இருந்தது. தொட வேண்டும் போல இருந்தது, தொடவில்லை.

"நான் உன்கூட பிச்சாவரம் வந்ததே இல்லையே" என்றார்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கிடங்கில் ஒரு பெட்டி குறைகிறது என்றால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

"இல்லதான்."

"நான்தான்னு தெரிஞ்சிருந்தா போன்லயே சொல்லியிருக்கலாமே. இத்தன நாளு நான் அங்க கெடந்து..." முடிக்கவில்லை.

"சொல்லியிருந்தா வந்துருப்பீங்களா மச்சான்?"

அவர் வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், அது ஒன்று எனக்கு அவரிடம் பிடிக்கும். வாயை மூடிக்கொண்டார். ஃபிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது.

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. ஷார்ஜா நம்பர். கொஞ்ச நேரம் அதை அடிக்கவிட்டார், அப்புறம் எடுத்தார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஞாயித்துக்கெழம டூட்டிக்கு வந்துடறேன் சார்" என்றார். சொல்லும்போதும் அவர் கண் அந்த ஆளை விட்டு நகரவில்லை.